சறுக்கலா, சரிவா?

2024 அக்டோபர், புனே டெஸ்ட். நியூசிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் மிட்செல் சான்ட்னர் வீசியது தரையில் குத்தாமல் வரும் தாழ்வான ஒரு ஃபுல் டாஸ். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்கூட அதை விரட்டியிருப்பான். விராட் கோலி மட்டையைக் குறுக்கே வீசி போல்டானார். எடுத்தது 1 ரன். இப்படி ஒரு விக்கெட் விழுந்தால் போதும், 'கதை முடிந்தது' என்று ஒரு கட்சியும் 'ஃபார்ம் போகும் வரும், கிளாஸ் போகாது' என்று ஒரு கட்சியும் கிளம்பிவிடும். இது மீளக்கூடிய சறுக்கலா, மீளாத சரிவா என்பதற்கு இரு தரப்பும் நீட்டுகிற சாட்சி ஒன்றேதான்: கடைசி சில ஸ்கோர்கள். அதுவோ மிகப் பலவீனமான சாட்சி.

சராசரி 50 உள்ள, அதாவது ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் 50 ரன் வீதம் எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ரன்னிலும் அவர் ஆட்டமிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், அவருடைய இன்னிங்ஸ்களில் பாதி 35 ரன்னைத் தொடாது. ஆறில் ஒன்றாவது ஒற்றை இலக்கத்தில் முடியும். சதம் ஏழு இன்னிங்ஸுக்கு ஒன்று வரும். கோலி டெஸ்டில் ஆடிய 210 இன்னிங்ஸில் 30 சதம், அதே ஏழுக்கு ஒன்று. நடைமுறையில் ஒற்றை இலக்க ஸ்கோர்கள் இன்னும் கூடுதலாகவே இருக்கும். கண் பழகும்வரை எந்தப் பெரிய ஆட்டக்காரரும் அரை ஆட்டக்காரர்தான்.

இவ்வளவு சிதறும் எண்ணைச் சில ஆட்டங்களில் அளந்தால் என்ன ஆகும்? திறமை துளியும் குறையாத அதே வீரர், பத்து முறை ஆட்டமிழப்பதற்குள் 30-க்கும் கீழான சராசரியில் தேங்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பு உண்டு. கேட்க அரிதாகத் தெரியும். ஆனால் 200 முறை ஆட்டமிழக்கும் ஒரு டெஸ்ட் வாழ்க்கையைப் பத்துப் பத்தாக வெட்டினால் இருபது துண்டு. அதில் ஒரு துண்டாவது 30-க்குக் கீழ் போகும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல். அதாவது, நீண்ட காலம் ஆடுகிற ஏறக்குறைய எவருக்கும் ஒரு 'மோசமான காலம்' வந்துவிடும், காரணமே இல்லாமல். அதே தேக்கம் அவர் இருபது முறை ஆட்டமிழக்கும் வரை நீடிக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். நாற்பது வரை என்றால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு. ஆகவே பத்து விக்கெட்டை வைத்துப் பேசக் கூடாது; இருபதில் சந்தேகப்படலாம்; நாற்பதில் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது.

கோலியின் 2020–22 இந்தக் கடைசி ரகம். 20 டெஸ்ட், 35 முறை ஆட்டமிழப்பு, 917 ரன், சராசரி 26.20. அதற்கு முன்பு வரை அவர் சராசரி ஏறத்தாழ 55. இதைத் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் உடனே வயதின் மேல் பழியைப் போடுவதும் அவசரம். ஆடுகளம் எப்படி இருந்தது என்பதை அதே ஆட்டங்களில் ஆடிய மற்றவர்கள் சொல்வார்கள். 2021-ல் கோலியின் சராசரி 28.21. அதே ஆண்டில் புஜாரா 28.08, ரஹானே 20.82. நடுவரிசை மொத்தமும் ஒன்றாகச் சறுக்கியிருக்கிறது. பந்து திரும்பிய, ஸ்விங் ஆன களங்களுக்கு அதில் பங்கு உண்டு. எதிர்ச் சாட்சியும் இருக்கிறது: ரோகித் சர்மா அதே ஆண்டில் 906 ரன், சராசரி 47.68. எனவே களத்தின் மேல் பாதிப் பழியை மட்டும் போடலாம். 2023-ல் கோலி 55.91-க்கு ஏறினார். 2024-ல் திரும்பவும் 24.52. சராசரி மட்டும் பார்த்தால் இரண்டு வீழ்ச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சறுக்கலா சரிவா என்பதை ஒருவர் அவுட்டாகும் விதத்தில்தான் தேட வேண்டும்.

உடல் தளரும்போது எது முதலில் போகும்? இரு பக்கத்து பாப்பிங் கிரீஸுக்கும் (ஸ்டம்புக்கு முன்னால் போட்டிருக்கும் கோடு) இடையே 17.68 மீட்டர். மணிக்கு 140 கி.மீ. பந்து வேகம் குறைந்தபடி வந்தாலும் அரை விநாடியில் மட்டைக்கு வந்துவிடும். கண்ணில் பட்டதற்கு ஏற்ப அசைவை மாற்றவே 0.2 விநாடி செலவாகிவிடும். அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் பந்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டக்காரரின் பார்வை பந்து குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவுவதைப் பதிவு செய்தார்கள். திறமையானவரின் கண் இன்னும் சீக்கிரம் தாவியது. இந்தக் கணிப்பு அனுபவத்தில் வருவது, எளிதில் அழியாது. உடலின் வேகம் அப்படியில்லை. வெறும் 20 மில்லி விநாடி தாமதித்தால் பந்து 70 செ.மீ. அளவுக்குக் கூடுதலாக உள்ளே வந்திருக்கும்.

அந்த 70 செ.மீ. ஸ்கோர்கார்டில் தெரியும். வெளியே போகும் பந்தைத் தொட்டு ஸ்லிப்பில் கேட்ச் கொடுப்பது பெரும்பாலும் முடிவெடுப்பதில் வரும் பிழை. ஸ்டம்புக்கு நேராக வந்த பந்தில் போல்டாவது, எல்.பி.டபிள்யூ ஆவது மட்டை வந்து சேரத் தாமதமானதைக் காட்டும். ராகுல் திராவிட் 2011 இங்கிலாந்துத் தொடரில் மூன்று சதம், 461 ரன். சில மாதம் கழித்து ஆஸ்திரேலியாவில் எட்டு இன்னிங்ஸில் ஆறு முறை போல்டு. 'சுவர்' என்று பெயர் வாங்கியவரின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே பந்து புகுந்தது. அந்த அறிகுறியை வேறு யாரையும்விட அவரே சரியாகப் படித்தார். 2012 மார்ச்சில் ஓய்வு. அதே ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக சச்சின் டெண்டுல்கர் ஆடிய மூன்று இன்னிங்ஸிலும் போல்டானார். 2011 ஜனவரியில் கேப்டவுனில் அடித்த 146-க்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் சதமே இல்லை.

அதே சச்சினின் 2003–04 ஆஸ்திரேலியப் பயணம் நேர்மாறு. முதல் மூன்று டெஸ்டில் 0, 1, 37, 0, 44. சிட்னியில் கவர் டிரைவை மூட்டை கட்டி வைத்துவிட்டு 436 பந்து நின்று 241 நாட் அவுட். ஒரு ஷாட்டை விட்டதும் நோய் தீர்ந்ததென்றால் அது சறுக்கல்தான்.

இங்கே ஒரு பொறி உண்டு. கோலி 2014-ல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன்தான் எடுத்தார், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தொட்டுத் தொட்டு. 2024–25-ல் ஆஸ்திரேலியாவில் எட்டு முறை அவுட். எட்டும் விக்கெட் கீப்பரிடமோ ஸ்லிப் வரிசையிலோ கேட்ச். பார்க்க ஒரே நோய். முதல் முறை வயது 25. நிற்கும் முறையைத் திருத்திக்கொண்டு 2018-ல் அதே இங்கிலாந்தில் 593 ரன் அடித்தார். இரண்டாவது முறை 36 வயது. வயதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆஸ்திரேலியா போவதற்குச் சற்று முன், உள்ளூரில் நியூசிலாந்தின் பந்துவீச்சுக்கு ஆறு இன்னிங்ஸில் 93 ரன், பெரும் தொல்லை சுழலில். வேகத்தில் ஒரு ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். சம்பந்தமே இல்லாத இரண்டு பக்கமும் ஒரே பருவத்தில் ஒழுகினால், கூரையே பழசாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2025 மே மாதம் அவர் டெஸ்டிலிருந்து விலகினார்.

வீட்டிலிருந்தே சோதிக்க நினைப்பவர் ஹைலைட்ஸ் பார்க்கக் கூடாது. அதில் பவுண்டரியும் விக்கெட்டும்தான் இருக்கும். முழு இன்னிங்ஸ் பார்த்து, ஒவ்வொரு பந்துக்கும் நடுமட்டை, எட்ஜ் (விளிம்பில் பட்டது), பீட்டன் (மட்டையைத் தாண்டிப் போனது) என்று குறியுங்கள். பின்னிரண்டும் தவறான அடி. டெஸ்டில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு தவறான அடிக்கு ஒரு விக்கெட் விழும். உங்கள் நாயகன் ஐந்தாறு தவறுக்கே அவுட்டாகிறார், ஆனால் தவறுகளின் எண்ணிக்கை முன்பைப் போலவே இருக்கிறது என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். நூறு பந்துக்குத் தவறு கூடிக்கொண்டே போகிறது, ஆனாலும் ரன் வருகிறது என்றால் இப்போதே கவலைப்படலாம். கேட்ச் நழுவியதால் வந்த அறுபது ரன் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

தேர்வாளருக்கு இன்னொரு கணக்கு பாக்கி. கடைசி 20 விக்கெட்டில் சராசரி 28, அதற்கு முந்தைய 40-ல் 50 என்றால், இரண்டையும் சேர்த்த மதிப்பீடு சுமார் 43. வயதுக்காக நாலைந்து கழித்தாலும் 38. வெளியே காத்திருக்கும் இளைஞர் டெஸ்டில் 35 எடுப்பார் என்று தோன்றினால், சரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரமே இன்னும் அணியில் இருக்க வேண்டியவர். அந்த 35-ஐ உள்நாட்டு ரஞ்சிக் கோப்பைச் சராசரியை அப்படியே எடுத்துப் போட்டுக் கணக்கிட்டுவிடக் கூடாது. அங்கே 55 எடுப்பவர்கள் ஏராளம்.