வீட்டில் செய்த ஸ்கார்ட் கேபிள்: டிவியில் செருகும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கேம் கன்சோல்களைப் பழுது பார்ப்பது என் தொழில். படமே வரவில்லை, கன்சோல் போய்விட்டது என்று யாராவது வந்தால் முதலில் கேபிளைக் காட்டச் சொல்வேன். வீட்டில் செய்த ஸ்கார்ட் கேபிள் என்றால் கன்சோலில் கை வைப்பதற்கு முன் கேபிளின் பிளக்கைத் திறந்து பார்த்துவிடுவேன். சால்டர் வேலை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதற்காகப் பார்த்த வரைபடம்தான் வேறு நாட்டு மெஷினுடையதாக இருக்கும்.

ஸ்கார்ட் என்பது பழைய ஐரோப்பிய டிவிகளின் பின்புறம் இருக்கும் 21 பின் சாக்கெட். பிரான்சில் தொடங்கியது. நம் ஊரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஒயர்களோடு கதை முடிந்துவிட்டதால் இதைப் பார்த்தவர்கள் குறைவு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி ஒயரில் வருவதால் படம் துல்லியமாக இருக்கும். மஞ்சள் ஒயரில் பார்த்துப் பழகியவர்களுக்கு அதே கேம்தானா என்று தோன்றும்.

சூப்பர் நின்டெண்டோவை எடுத்துக்கொள்வோம். கன்சோல் பக்கத்து சாக்கெட்டில் 12 பின்கள். ஜப்பான், அமெரிக்க மெஷின்களில் 3ஆம் பின்னில் சிங்க் சிக்னல் வருகிறது, அதாவது படத்தின் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று டிவிக்குச் சொல்லும் சிக்னல். ஐரோப்பிய மெஷினில் அதே 3ஆம் பின்னில் வருவது 12 வோல்ட். டிவியைத் தானாக ஏவி நிலைக்கு மாற்றுவதற்காக வைத்தது அது. ஜப்பான் வரைபடத்தைப் பார்த்து, 3ஆம் பின்னை ஸ்கார்ட்டின் 20ஆம் பின்னுக்கு இழுத்து, ஐரோப்பிய மெஷினில் செருகினால் என்ன ஆகும்? சுமார் 1 வோல்ட் வர வேண்டிய வீடியோ இன்புட்டில் 12 வோல்ட் போய் இறங்கும். பழைய பெட்டி டிவி ஒருவேளை தாங்கலாம். பழைய கன்சோலின் படத்தைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தர இப்போது பலரும் வாங்கி வைத்திருக்கும் அப்ஸ்கேலர் கருவிகளை நம்பி அந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன்.

வேறுபாடு அதோடு நிற்கவில்லை. ஐரோப்பிய மெஷினுக்கு மூன்று நிற ஒயர்களிலும் கிரவுண்டுக்கு ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். மற்ற இரண்டுக்கும் அந்த ரெசிஸ்டர் கூடாது, ஒவ்வொரு நிறத்திலும் வரிசையாக ஒரு 220 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். ரெசிஸ்டர் இல்லாமல் ஐரோப்பிய மெஷினை ஓட்டினால் படம் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு வெளுத்து வரும். ஐரோப்பியக் கேபிளை ஜப்பான் மெஷினில் போட்டால் படம் மங்கும். இரண்டிலும் டிவியின் பிரைட்னெஸைத் திருகிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம், கோளாறு கேபிளில் இருக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? கன்சோலை அணைத்துவிட்டு, கேபிளை எதிலும் செருகாமல், கன்சோல் பக்கத்து பிளக்கில் 10ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 10ஆம் பின் என்பது 5 வோல்ட் வரும் இடம். பிறகு கேபிளைக் கன்சோலில் மட்டும் செருகி, ஆன் செய்து, ஸ்கார்ட் முனையில் 20ஆம் பின்னை அதன் கிரவுண்டான 17ஆம் பின்னோடு வைத்து அளக்க வேண்டும். 12-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் உடனே அணைத்துவிடுங்கள்.

அடுத்தது 16ஆம் பின். படம் ஆர்ஜிபியில், அதாவது மூன்று நிறமும் தனித்தனியாக, வருகிறது என்று டிவிக்குச் சொல்வது இதுதான். 1 முதல் 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5 வோல்ட்டை நேரே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. நடுவில் 180 ஓம் ரெசிஸ்டர் போட்டால் டிவிக்குள் இருக்கும் 75 ஓமோடு சேர்ந்து அது சுமார் 1.5 வோல்ட்டாக இறங்கும். டிவியில் செருகாமல் அளந்தால் 5 வோல்ட்டே காட்டும், பதற வேண்டாம். 16க்கும் அதன் கிரவுண்டான 18க்கும் நடுவே ஒரு 75 ஓம் ரெசிஸ்டரைப் பிடித்துக்கொண்டு அளந்தால் உண்மை தெரியும். இந்தப் பின்னுக்கு வோல்ட் வராவிட்டால், சிங்க்குக்காக மஞ்சள் ஒயரின் வீடியோவைப் பயன்படுத்திய கேபிளில் படம் வரத்தான் செய்யும். ஆனால் அது அதே பழைய மங்கல் படம். இவ்வளவு பாடுபட்டும் வித்தியாசமே இல்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

நிறம் தப்பாக வந்தால் திரையில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தைக் கவனியுங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால் நீல ஒயர் அறுந்திருக்கிறது. ராணி கலரில் தெரிந்தால் பச்சை இல்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்து, மாரியோவின் சிவப்புத் தொப்பி மட்டும் நீலமானால் ஒயர் எதுவும் அறுபடவில்லை, ஸ்கார்ட்டில் சிவப்புக்கான 15ஆம் பின்னும் நீலத்துக்கான 7ஆம் பின்னும் இடம் மாறியிருக்கின்றன. படம் உருண்டு ஓடினாலோ சாய்ந்து கிழிந்தாலோ சிங்க் ஒயரைப் பாருங்கள்.

எதுவுமே பொருந்தாமல் எல்லாம் தாறுமாறாக இருந்தால், பிளக்கை முன்பக்கமிருந்து பார்த்து எண்ணிவிட்டுப் பின்பக்கம் சால்டர் செய்திருப்பார்கள். எண்கள் இடவலம் திரும்பிவிடும். இல்லையென்றால் அது ஜப்பானிய 21 பின் முறையாக இருக்கும். பார்வைக்கு ஸ்கார்ட்டேதான், ஆனால் பச்சையும் நீலமும் அதில் வேறு பின்களில் இருக்கின்றன. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கேபிளை வெட்டி ஒட்டுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாக வரும் புகார் ஸ்பீக்கர் இரைச்சல். திரை வெளுக்கும்போது இரைச்சல் கூடினால் வீடியோ சிக்னல் ஆடியோ ஒயரில் கசிகிறது. ஒரே உறைக்குள் ஷீல்டு இல்லாத மெல்லிய ஒயர்களைத் திணித்தால் இப்படித்தான் ஆகும். தனித்தனி ஷீல்டு உள்ள கேபிள் வாங்கிச் செய்வதுதான் வழி. இரைச்சலைத் தேடி டிவியின் மூடியைக் கழற்ற வேண்டாம். பிக்சர் டியூப் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

அப்புறம், கேபிள் சரியாக வேலை செய்தால் அதன் மேல் ஒரு டேப் ஒட்டி, எந்த நாட்டு மெஷினுக்கு, எந்தப் பின்னிலிருந்து சிங்க் என்று எழுதி வையுங்கள். கன்சோலை விற்கும்போது கேபிளும் கூடவே போகும், வாங்குகிறவரிடம் இருப்பது வேறு மெஷினாக இருக்கலாம்.