பெட்ரோலுக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா ஓட்டிய புல்லட் பல வருஷமாக மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது சார். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரே துரு. ஆசிட் ஊற்றிக் கழுவி, உள்ளே லைனிங் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். எனக்குப் புரியாதது ஒன்றுதான். வண்டியை நிறுத்தும்போது பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. காற்றுப் பட்ட மேல்பக்கம் லேசாகத்தான் துருப்பிடித்திருக்கிறது, பெட்ரோலில் முங்கிக் கிடந்த அடிப்பக்கம்தான் அரித்துப் போயிருக்கிறது. காற்றே படாத இடத்தில் துரு எப்படி வரும்?"

வடசென்னைக்காரர் புல்லட்டைப் பற்றிக் கேட்பது பொருத்தம்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை, அவர் வீட்டுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூரில் இருந்தது. தாத்தாவின் வண்டி பிறந்த ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. கடல் காற்றையும் விட்டு விலகவில்லை.

துருவுக்கு இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். டேங்குக்குள் தண்ணீர் எப்படி வந்தது? பாதி காலியாக நிற்கும் டேங்க் மூடித் துளை வழியாக மூச்சு விடும். பகலில் சூடேறி உள்காற்று வெளியே போகும், இரவில் ஆறி ஈரக்காற்று உள்ளே வரும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒரு நாளில் ஒரு சொட்டுகூடச் சேராது, ஆனால் வருஷக்கணக்கில் சேரும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் ஐப்பசி மழையும் நேராக இறங்கும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் குழாய் டேங்கின் தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் அந்தத் தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை. டேங்க் வண்டிச் சட்டத்தின் இரு பக்கமும் தொங்குவதால், காக் இல்லாத பக்கம் இன்னும் மோசம். அங்கே போன தண்ணீர் போனதுதான்.

சரி, தண்ணீர் வந்தாயிற்று. ஆக்சிஜன்? பெட்ரோல் ஒரு மூடி, அது காற்றைத் தடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. ஒரே அளவு தண்ணீரில் கரைவதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் பெட்ரோலில் கரையும். ஆக, அடியில் கிடக்கும் தண்ணீர்ச் சொட்டுக்குப் பெட்ரோலே ஆக்சிஜன் சப்ளை செய்கிறது.

ஆனால் வாசகர் கேள்வியின் நெஞ்சு இதுவல்ல. ஆக்சிஜன் அதிகமுள்ள மேல்பக்கம் தப்பித்து, குறைவாக உள்ள அடிப்பக்கம் ஏன் அரித்தது என்பதுதான் கேள்வி. இதற்கு விடை சொன்னவர் யுலிக் இவான்ஸ், கேம்பிரிட்ஜில் வாழ்நாள் முழுக்க துருவையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். 1920-களில் அவர் செய்த சோதனையைப் பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். வேதியியலில் இதைவிட அழகான சோதனை ஒன்றை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

உப்புத் தாளால் நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புத் தகடு. ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர். (காசிமேட்டுக் கடல் தண்ணீரை வடிகட்டி எடுத்தாலும் சரி.) அதில் இரண்டு வேதிப்பொருள்களைச் சிட்டிகை அளவு கலக்க வேண்டும். ஒன்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரும்பு கரைந்து அயனியாகும் இடத்தில் இது கருநீலமாகும். இன்னொன்று பினாப்தலீன். காரத்தன்மை உருவாகும் இடத்தில் இது இளஞ்சிவப்பாகும். இந்தக் கலவையில் ஒரு பெரிய சொட்டைத் தகட்டில் வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். முதலில் நீலப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் அங்கங்கே கலந்து தோன்றும், ஒழுங்கே இருக்காது. சொட்டில் முன்பே கரைந்திருந்த ஆக்சிஜன் செலவாகும் நேரம் இது. பிறகு மெல்ல மெல்ல நிறங்கள் பிரியும். நீலமெல்லாம் நடுவுக்குப் போகும், சிவப்பு விளிம்பில் வளையமாக நிற்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இரண்டுக்கும் இடையே பழுப்பாக ஒரு வட்டம் எழும். அதுதான் துரு.

நடந்தது என்ன? சொட்டின் விளிம்பு மெல்லியது, வெளியிலிருந்து ஆக்சிஜன் சட்டென்று உலோகத்தைத் தொடும். நடுப்பகுதி தடிமனானது, அங்கே ஆக்சிஜன் போய்ச் சேர நேரமாகும். இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே போதும், அந்த ஒரு சொட்டுக்குள் ஒரு மின்கலம் உருவாகிவிடும். நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரையும். அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே விளிம்புக்கு ஓடும். அங்கே காத்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு ஆகும். அந்தக் காரச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உறுதியாக நிற்பதால் விளிம்பு அரிக்காது. ஆக்சிஜன் கிடைத்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது, கிடைக்காத இடம் அதற்கான விலையைக் கொடுக்கிறது. வாசகரின் டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரில் வருஷக்கணக்கில் நடந்தது இதேதான், தண்ணீர் தேங்காத மேல்பக்கம் தப்பித்துக்கொண்டது.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரும்பு கரையும் இடம் வேறு, துரு படியும் இடம் வேறு. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனியும் விளிம்பிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் வழியில் சந்தித்து, ஆக்சிஜனும் சேரும்போதுதான் துரு பிறக்கிறது. அதனால் துரு எங்கே தடிமனாகத் தெரிகிறதோ அங்கேதான் ஓட்டை விழும் என்று நம்ப முடியாது. குழி பக்கத்தில் இருக்கும். குழி ஒரு முறை விழுந்தால் தானாகவே ஆழமாகும். மேலே துரு மூடிக்கொள்ள, உள்ளே ஆக்சிஜன் இன்னும் குறையும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இழுக்கப்படும், குழிக்குள் அமிலத்தன்மை ஏறும். சுற்றிலும் உள்ள பெரிய பரப்பு மொத்தமும் எலக்ட்ரான் கேட்க, கொடுப்பது கடுகளவு குழி ஒன்றுதான். மொத்த இரும்பின் எடை பெரிதாகக் குறையாமலே தகட்டில் ஊசித்துளை விழுவது இப்படித்தான்.

இப்படிப்பட்ட அறிவு நமக்கு அந்நியமானதும் அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று இந்த அரிப்பு ஆராய்ச்சி. நமக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததும் துருதான். இருந்தும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ராக்கெட் விட்டால் நேரலை உண்டு, துருவை நிறுத்தினால் யாரும் கைதட்டமாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எரிச்சலாக இருக்கிறது.

இனி மெக்கானிக்கின் திட்டத்துக்கு வருவோம். அவர் சொல்லும் ஆசிட் பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துருவைக் கரைக்கும், உண்மைதான். கையோடு நல்ல இரும்பையும் தின்னும். தகடுகள் சேரும் மடிப்புக்குள் குளோரைடை விட்டுவிட்டும் போகும், அடுத்த துருவுக்கு விதை அதுதான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து, டேங்கின் கழுத்து வரை நிரப்பி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அமிலம் துருவிலிருந்து இரும்பு அயனியைக் கழற்றியதும் சிட்ரேட் அதை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலப் பல பக்கமும் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட அயனி மறுபடி வண்டலாகப் படியாமல் தண்ணீரோடு வெளியேறும். நாள்கணக்கில் மறந்துவிட வேண்டாம், துரு தீர்ந்தபின் இதுவும் இரும்பின் மேல்தான் கை வைக்கும். கோலா ஊற்றினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவை நம்பாதீர்கள். அதிலிருக்கும் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சூண்டு, சர்க்கரைதான் ஏராளம். அப்புறம், ஆயுத பூஜைக்கு டயரில் வைத்து எத்தனை எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம்! அதே பழத்தை டேங்கில் பிழிந்திருந்தால் வண்டிக்குக் கொஞ்சமாவது நல்லது நடந்திருக்கும்.

அமிலம் ஊற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி உள்சுவரில் ஒட்டியிருந்தால் அமிலம் துருவைத் தொடவே முடியாது. பெட்ரோலை வடித்துவிட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, கைப்பிடி ஜல்லியோ நட்டு போல்ட்டோ போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். போட்டதை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். காலி டேங்க்தானே என்று பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிட வடித்த டேங்குக்குள்தான் அந்தக் கலவை எளிதில் அமையும். வடித்த சகதியைச் சாக்கடையில் கொட்டினால் அது கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் படிந்த வலைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அமிலத்தை வடித்தபின் உள்ளே தெரிவது சாம்பல் நிற வெற்று இரும்பு. தண்ணீர் விட்டு அலசி அப்படியே வைத்தால் கண்ணெதிரிலேயே ஆரஞ்சு நிறம் படரும். ஈரப்படலம் மெல்லியது, எங்கும் ஆக்சிஜன் தாராளம், அதனால் வேகமும் அதிகம். எனவே சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலச வேண்டும், மிச்ச அமிலம் செத்துவிடும். நுரைத்து வாயு வரும், மூடியைத் திறந்தே வையுங்கள். உடனே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் குலுக்கி வடித்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வரும். அதன் வாசம் முழுக்கப் போகும்வரை திறந்தவெளியில் காற்றாட வைத்துவிட்டு, கடைசியில் ஹேர் டிரையர்.

அடுத்தது லைனிங். இங்கே மெக்கானிக்கோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. ஓட்டை இல்லாத டேங்குக்கு லைனிங் தேவையில்லை. லைனிங்குக்காக உள்ளே ஊற்றிப் படலமாக இறுகவிடும் சீலர் ஒட்டியிருக்கும்வரை நல்லதுதான். ஏதோ ஓர் ஊசித்துளை வழியாகத் தண்ணீர் அடியில் நுழைந்துவிட்டால், பழைய இவான்ஸ் சொட்டு இப்போது படலத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். விளிம்பில் பிறக்கும் ஹைட்ராக்சைடு, இரும்புக்கும் சீலருக்கும் இடையிலான ஒட்டுதலைக் கழற்றிக்கொண்டே நகரும். படலம் கொப்பளித்து, செதில் செதிலாக உரிந்து கார்ப்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்குத் துருவே தேவலாம்.

ஊசித்துளைகள் இருந்தால் லைனிங் போடுங்கள், ஆனால் என்ன சீலர் என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து சீலர்களில் பலவற்றை எத்தனால் இளக்கிவிடும். நோவோலாக் வகை எபாக்சி (பிசின், அதை இறுக்கும் திரவம் என இரண்டு பாகமாக வரும் பூச்சு) அதைத் தாங்கும். இரண்டு பாகத்தையும் சொன்ன அளவில் கலந்து, ஊற்றி, டேங்கை எல்லாப் பக்கமும் மெதுவாகப் புரட்டி, மிச்சத்தை ஒட்ட வடித்துவிட வேண்டும். அடியில் குட்டையாகத் தேங்கினால் அந்த இடம் சரியாக இறுகாது. மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், காற்றின் ஈரம் எபாக்சி இறுகுவதைக் கெடுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை பெட்ரோல் காட்டாதீர்கள்.

எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் தன்னோடு கரைத்து எஞ்சினுக்குக் கொண்டுபோய்விடும், அதுவரை உதவிதான். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து தனி அடுக்காக அடியில் இறங்கும். மின்சாரம் கடத்தும் அடுக்கு அது, இவான்ஸ் சொட்டின் மின்கலம் அங்கேயும் உருவாகும். அதனால் மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டியின் டேங்கைப் பாதியில் விடாதீர்கள். ஒன்று கழுத்து வரை நிரப்புங்கள், இல்லையென்றால் முழுக்க வடித்துக் காயவிட்டு, உள்ளே லேசாக எஞ்சின் ஆயில் பூசி மூடுங்கள்.

இந்தச் செலவெல்லாம் செய்வதற்கு முன் தண்டையார்பேட்டை வாசகர் ஒரு சின்ன சோதனை செய்ய வேண்டும். டேங்கைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் பெயின்ட் கொப்பளித்த இடங்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக நின்றால் எலுமிச்சை உப்பு வாங்கப் போங்கள். ஒன்றிரண்டு இடத்தில் முனை உள்ளே போனால் முதலில் டிங்கரிங் கடை, அதுவும் பெட்ரோல் வாசமே இல்லாமல் கழுவிய பிறகு. அழுத்திய இடமெல்லாம் பொத்துக்கொண்டால் அந்த டேங்க் காயலான் கடைக்குத்தான், எந்த சீலரும் அதைக் காப்பாற்றாது. புல்லட்டுக்குப் புது டேங்க் இன்னும் கிடைக்கிறது.