பாகால்: சொல் விளக்கம்

பாகால் என்றதும் தமிழ் விவிலிய வாசகருக்கு நினைவுக்கு வருவது கர்மேல் மலை. எந்தத் தெய்வம் பலியின்மேல் தீ அனுப்பும் என்ற போட்டியில் இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலியா தனியாளாக நிற்க, எதிரே பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலை முதல் கூவியும் வானத்திலிருந்து தீ இறங்கவில்லை. இந்தக் கதையால் பாகால் என்பது ஒரு தெய்வத்தின் இயற்பெயர் என்றே மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் அது ஒரு பட்டம். 'உடையவன்', 'தலைவன்' என்பதே பொருள்.

ப, ஐன், ல ஆகிய மூன்று மெய்களால் ஆன செமித்திய வேர் இது. நடுவிலுள்ள 'ஐன்' தொண்டையின் அடியில் பிறக்கும் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. அந்த இடத்தில்தான் 'கா' நிற்கிறது. பாகன், பாகு போன்ற தமிழ்ச் சொற்களோடு இதற்கு உறவு கிடையாது. அக்காதிய மொழியில் இதே வேர் 'பேலு' ஆனது. பாபிலோனின் மர்துக் தெய்வத்தை 'பேல்' என்று ஏசாயா குறிப்பது இதனால்தான். கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபாலின் பெயர்க் கடைசியில் 'பால்' என்று குறுகி இருப்பதும் இந்தச் சொல்லே.

எபிரேயத்தில் மாட்டுக்குச் சொந்தக்காரனும் பாகால், மனைவிக்குக் கணவனும் பாகால். ஓசியா நூலில் கடவுள், இனி நீ என்னைப் 'பாகாலி' என்னாமல் 'ஈஷி' என்பாய் என்கிறார். இரண்டுக்கும் 'என் கணவன்' என்பதுதான் பொருள். முதல் சொல்லில், இஸ்ரவேலருக்கு அண்டையிலிருந்த கானானியரின் தெய்வத்தினுடைய வாடை வந்துவிட்டதால் அது விலக்கப்படுகிறது. இஸ்ரவேலின் அரசன் சவுலின் மகன் எஸ்பால் வேறு நூலில் இஸ்போசேத் ஆனதும் அப்படித்தான்: 'போசேத்' என்றால் வெட்கம்.

கானானியர் தம் வாயால் பாகாலைப் பற்றிச் சொன்னதைக் கேட்க, சிரியாவின் கடற்கரையிலுள்ள ராஸ் ஷம்ராவுக்குத்தான் போக வேண்டும். 1928-இல் அதன் அருகே ஓர் உழவரின் கலப்பை பழைய கல்லறை ஒன்றில் தட்டியது. அடுத்த ஆண்டு அகழாய்வு தொடங்கி, உகாரித் நகரமும் அதன் களிமண் ஏடுகளும் வெளிவந்தன. இலிமில்கு என்ற எழுத்தர் ஆறு ஏடுகளில் எழுதிய பாகால் காவியம் அவற்றில் ஒன்று. அதில் பாகால் கடலாகிய யம்முவைத் தடியால் அடித்து வெல்கிறான், சாவாகிய மோத்தின் தொண்டைக்குள் இறங்கி மாள்கிறான், தங்கை அனாத் மோத்தை வெட்டிப் புடைத்து, வறுத்து, அரைத்து வயலில் தூவுகிறாள், பாகால் மீள்கிறான். இவன் இயற்பெயர் ஹத்து, அதாவது ஹதாத். 'மேகமேறி' என்பது இவனுக்கு அடைமொழி. 1932-இல் அங்கே கிடைத்து இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்பலகையில், வலக்கையில் தடி ஓங்கி நிற்கிறான். இடக்கை ஈட்டியின் மேல்முனை செடியாகத் தழைத்திருக்கிறது. இடியும் விளைச்சலும் ஒரே உருவில்! எலியாவின் கதையில் கர்மேலுக்கு முன் வரும் பஞ்சமும் பின் வரும் மழையும் ஏன் நடுப்பொருளாயின என்பது இந்தக் கல்லைப் பார்த்தால் விளங்கும். மழை யார் கையில் என்பதே அங்கு வழக்கு.

பட்டமாக இருந்ததால் ஊருக்கு ஊர் ஒட்டுகள் மாறின. பேயோர் மலையில் பாகால்பேயோர், எக்ரோனில் பாகால்சேபூப். சேபூப் என்றால் ஈ. 'மேன்மை' குறிக்கும் செபூல் என்ற சொல்லை வேண்டுமென்றே திரித்தார்கள் என்பதே அறிஞர் பலரின் கருத்து. யாத்திராகமத்தில் ஊர்ப்பெயராக வரும் பாகால்செபோனில் ஒளிந்திருப்பது உகாரித்துக்கு வடக்கே உள்ள சப்போன் மலையின் பெயர். பாகாலின் மாளிகை அங்கேதான்.

தமிழில் இதற்கு நேரான சொல் 'உடையான்'. இன்னும் நெருங்கியது, பழந்தமிழ்க் 'கிழவன்': உரிமையுடையவன், தலைவன் என்ற இரண்டும் அதில் உண்டு. திருமுருகாற்றுப்படை முருகனை 'மலைகிழவோன்' என்கிறதே, பாகால்செபோனின் சொல்லமைப்பும் அதுதான்; தெய்வங்கள் வேறு, பட்டம் ஒன்று. ஆனால் இன்று கிழவன் என்றால் முதியவன் என்றே காதில் விழும். ஆகவே பொருள் சொல்லும்போது 'உடையான்' என்றும், உகாரித்துத் தெய்வத்தைக் குறிக்கையில் 'பாகால்' என்றே விட்டும் எழுதுவது நல்லது. 'சாத்தான்' என்று பெயர்ப்பது தவறு. அது, புதிய ஏற்பாட்டில் பேய்களின் தலைவனாக வரும் பிற்காலத்துப் பெயெல்செபூலின் நிழல்.

இந்தச் சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. அரபியிலும் எபிரேயத்திலும் பாசனமின்றி மழையை மட்டும் நம்பிய வேளாண்மைக்கு 'பாகால்' என்றே பெயர். பாலஸ்தீன உழவர் விற்கும் 'பாகால் தக்காளி' நம் ஊர்ப் பேச்சில் மானாவாரித் தக்காளி.