வடிவுக்கு வாங்கிய கமராப் பைக்குள் பூஞ்சணம் வளர்க்காதீர்கள்

மாரி ஓய்ந்து தைப்பொங்கல் கழிந்ததும் மட்டக்களப்பில் கமரா திருத்துகிறவர்களின் மேசைக்கு ஒரே நோயோடு லென்ஸ்கள் வரத் தொடங்கும். டோர்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், "பைக்குள்ளதான், பத்திரமா வச்சிருந்தன்" என்பார்கள். இந்தக் கிழமை வந்த லென்ஸும் அப்படித்தான். தூரத்துப் படங்களுக்கான 70-200 லென்ஸ், அசல் தோல் பை, மூன்று மாதம் அலுமாரிக்குள் மூடிக் கிடந்திருக்கிறது. பூஞ்சணத்தைக் கழுவி எடுக்கலாம். அது தின்ற கண்ணாடியின் மேற்பூச்சைத் திருப்பி வைக்க முடியாது.

வடிவு பார்த்துப் பை வாங்குவது பிழையில்லை. கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் படமெடுக்கப் போகிறவர் நைந்த பையோடு போய் நிற்க ஏலாது. மனதுக்குப் பிடிக்காத பையை யாரும் தோளில் போடுவதும் இல்லை. ஆனால் கடையில் அந்தப் பையைப் பார்ப்பது பத்து நிமிடம். அதற்குப் பிறகு அது வாவிக் காற்றிலும் கடலுப்பிலும் கார்த்திகை மழையிலும்தான் கிடக்கப் போகிறது. பத்து நிமிடத்துக்காக வாங்குகிறீர்களா, பத்து வருடத்துக்காகவா?

பைக்குள் வைத்தால் பத்திரம் என்ற தப்பெண்ணத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். கமராப் பை கமராவைக் கொண்டுபோவதற்கு. கமராவை வைத்திருப்பதற்கு அல்ல. பூஞ்சணம் பிடிக்க நாலு விடயம் வேண்டும்: 70 வீதத்துக்கு மேல் ஈரப்பதன் மூன்று நாள் அளவுக்கு நீடிப்பது, இருட்டு, காற்றோட்டம் இல்லாமை, தின்பதற்குக் கொஞ்சம் தூசியோ நூல் துகளோ கைரேகை எண்ணெயோ. 10 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு வசதி. மூடிய பை இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்கிறது. வெப்பத்தை நம்முடைய ஊர் கொடுக்கிறது. பை தடிப்பாக இருந்தால் பாதுகாப்புக் கூட என்று நினைக்கிறார்கள். தடிப்பு, விழுந்தால் அடிபடாமல் காக்கும். ஈரத்துக்கு அது எதிர்ப்பக்கம்: ஒருமுறை ஈரம் குடித்த தடித்த ஸ்பொஞ் காய நாட்கணக்காகும். மழையில் நனையவே இல்லையே என்பார்கள். பை நனைய வேண்டியதில்லை. மாரி இரவில் அறைக்குள் இருக்கும் காற்றே 80 வீதத்தைத் தாண்டி நிற்கும். அந்தக் காற்று ஸிப் பல்லுக்குள்ளால் தாராளமாகப் போய் வரும்.

ஈரம் குடிக்கும் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறேன் என்பது அடுத்த பதில். சப்பாத்துப் பெட்டியில் வந்த பொட்டலம் உங்கள் கைக்கு வரும்போதே நிறையக் குடித்து முடித்திருக்கும். புதிதாக வாங்கியதைப் போட்டாலும் பை காற்றுப் புகாத பெட்டி அல்ல. உள்ளே இருக்கும் ஒரு பிடி சிலிக்கா ஜெல் முழு அறையின் ஈரத்தையும் இழுத்து ஓரிரு நாளில் களைத்துவிடும். அரிசி போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அரிசித் தவிடும் மாவும் லென்ஸின் இடுக்குகளில் போய் உட்கார்ந்து பூஞ்சணத்துக்கே தீனியாகும்.

செய்ய வேண்டியது செலவு குறைந்த வேலைதான். மூடியில் இறப்பர் வளையம் உள்ள 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. முள் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் நடுவில் நின்றால் நிம்மதி. நீலம் இளஞ்சிவப்பாகவோ, செம்மஞ்சள் பச்சையாகவோ மாறினால் அடுப்பில் மெல்லிய சூட்டில் கிளறி நிறம் திரும்பும்வரை காயவைத்து, ஆறவிட்டுப் போடுங்கள். ஒவனில் என்றால் 110 முதல் 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம். கறி சமைக்கும் சட்டியில் செய்யாதீர்கள். நீல நிறத்தைக் கொடுப்பது கோபால்ட் உப்பு, வயிற்றுக்குள் போகக்கூடாதது. வசதி உள்ளவர்கள் மின்சார உலர் அலுமாரி வாங்கலாம். எப்படியோ, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே பை வெறுமையாக வேண்டும். வாய் திறந்து காற்றில் கிடக்க வேண்டும்.

இனி வாங்கும் கதைக்கு வருவோம்.

தோல் பை பார்க்க வடிவுதான், மறுக்கவில்லை. வறண்ட நாட்டில் அது அப்பா வைத்திருந்து மகனுக்குக் கொடுக்கும் பொருள். இங்கே தோலே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. ஒரு மாரிக்குள் தையல் ஓரத்தில் சாம்பல் நிறம் பூக்கத் தொடங்கும், அந்த வித்துகள் உள்ளே இருக்கும் லென்ஸுக்கும் போகும். பாரமும் கூட: நைலோன் பை ஒரு கிலோ என்றால் அதே அளவுத் தோல் பை ஒன்றரை, இரண்டு கிலோ. அதைவிட மோசமானது தோல் மாதிரியே இருக்கும் ரெக்சின். இரண்டு மூன்று வருடத்தில் அதன் மேற்பூச்சு பிசுபிசுத்து, பிறகு கறுப்புச் செதில்களாக உரியும். அந்தச் செதில் லென்ஸ் மாற்றும்போது கமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சரில் போய் ஒட்டும். சென்சர் துடைக்க வரும் கமராக்களில் இந்தச் செதில்களை அடிக்கடி பார்க்கலாம். பருத்திக் கன்வஸ் தண்ணீரைக் குடிக்கும், மெதுவாகவே விடும். மெழுகு பூசியது என்றால் கொஞ்சம் பரவாயில்லை. நம் ஊருக்கு நைலோன் அல்லது நெருக்கமாக நெய்த பொலியெஸ்ரர்தான் பொருந்தும். கொர்டுரா என்று சொல்லும் முரட்டு நைலோனில் நூல் தடிப்பு 500 டெனியர் இருந்தாலே ஒரு படப்பிடிப்பாளரின் அலைச்சலைத் தாங்கும். வடிவு வேண்டுமா? அடர்ந்த சாம்பல் நிற நைலோனில், தைப்பு நேராக, வெளியே கம்பனிப் பெயர் கத்தாமல் இருக்கும் பையை எடுங்கள். மண்டபத்தில் மரியாதையாக இருக்கும், பஸ்ஸில் கள்வனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்காது, கறுப்பு அளவுக்கு வெயிலையும் இழுக்காது.

பித்தளை மாதிரி மினுங்கும் கொளுக்கிகள் பெரும்பாலும் நாக (சிங்க்) வார்ப்புக்குப் பூச்சுப் பூசியவை. பாசிக்குடாக் கரையிலோ நாவலடிக் கரையிலோ ஒரு பருவம் பாவித்தால் பூச்சுக் கொப்பளித்து, சுழலும் இடம் இறுகி, ஒருநாள் முறியும். முறிவது எப்போதும் பை நிறைந்திருக்கும் நாளில்தான். உலோக ஸிப்புக்கும் அதே கதி. நைலோன் சுருள் ஸிப்பும் தடித்த பிளாஸ்ரிக் கொளுக்கியும் பார்க்கச் சாதாரணம், ஆனால் உப்பு அவற்றைத் தின்னாது. கடையில் ஸிப்பை மூலைகளில் ஒரு கையால் ஓட்டிப் பாருங்கள். மூலையில் சிக்கினால் அந்தப் பை வேண்டாம். தோள் பட்டி பையோடு சேரும் இடத்தில் சதுரத்துக்குள் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் வைத்துவிடுங்கள். மூடிக்குக் காந்தப் பூட்டு வைத்த பைகளும் வருகின்றன. மெமரி காட் அழிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை, காந்தம் அதை ஒன்றும் செய்யாது. நான் பயப்படுவது மணலுக்கு. திருக்கோவில் பக்கக் கரைகளில் கறுப்பு மணல் கிடக்கும் இடங்கள் உண்டு. அதில் காந்தத்துக்கு இழுபடும் மணிகள் பூட்டைச் சுற்றி மீசை மாதிரி ஒட்டி, மூடி திறக்கும்போது நேராகக் கமராவின் மேல் கொட்டும்.

உட்புற ஸ்பொஞ்சைச் சோதிக்க உங்கள் பெருவிரல் போதும். அழுத்தி விட்டால் உடனே நிமிர வேண்டும். விரல் அடிவரை இறங்கி மறுபக்கத்துத் துணியைத் தொட்டால் அது மெத்தை ஸ்பொஞ், ஒரு வருடத்தில் சப்பையாகிவிடும். பக்கச் சுவரில் 10 மில்லிமீற்றரும் அடிப்பக்கம் அதைவிடக் கூடவும் இறுக்கமான ஸ்பொஞ் இருக்க வேண்டும். பை அடிபடுவது அடியில்தான். அடித்துணி பூசியதாகவோ இறப்பர் கால் உள்ளதாகவோ இருந்தால் ஈரத் தரையில் வைக்கலாம்.

அளவை வெளித்தோற்றத்தில் மதிப்பிடாதீர்கள். உங்கள் கமராவையும் பெரிய லென்ஸையும் கடைக்கே கொண்டு போங்கள். 70-200 லென்ஸ் பல கம்பனிகளில் 20 சென்ரிமீற்றர் அளவு நீளம். லென்ஸின் முகப்பில் பூட்டும் ஹூட்டைத் திருப்பிப் போட்டால் அகலமும் கூடும். 24-70 லென்ஸ் பூட்டிய கமராவுக்கும் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர் ஆழம் வேண்டும். குமணைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் 150-600 லென்ஸ் தனியே 26 சென்ரிமீற்றர், இரண்டு கிலோ. கமராவோடு சேர்த்தால் சாதாரணத் தோள் பை எதுவும் கொள்ளாது. கமராவை லென்ஸ் கீழ்ப்பார்க்க வைக்கும்போது லென்ஸின் மூக்கு அடியில் முட்டக்கூடாது. கமராவின் இரு தோள்களும் தடுப்புகளில் தாங்கி நிற்க வேண்டும். முட்டினால் கிறவல் வீதியில் ஒவ்வொரு குலுக்கமும் லென்ஸ் கமராவோடு பூட்டும் மவுண்டின் திருகுகளுக்கே போகும்.

ஒற்றைத் தோள் பையா, முதுகுப் பையா என்ற கேள்விக்கு வடிவை விட்டுவிட்டு நிறையைப் பாருங்கள். கமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ், பற்றரிகள் என்று நாலு கிலோவைத் தாண்டினால் முதுகுப் பைதான். மண்டபத்துக்குள் லென்ஸ் மாற்றி மாற்றி எடுக்கத் தோள் பை வசதி, அது உண்மை. ஆனால் மோட்டார் சைக்கிளில் தோள் பை வளைவுகளில் ஊஞ்சலாடும். அதைத் தடுக்க ஹாண்டிலில் கொளுவுகிறார்கள், பெற்றோல் டாங்கியின் மேல் வைக்கிறார்கள், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணிக்கிறார்கள். மூன்றும் கூடாது. முதல் இரண்டிலும் அதிர்வு, மூன்றாவதில் எஞ்சின் சூடு. முதுகில் மாட்டுங்கள், நெஞ்சுப் பட்டியைப் பூட்டுங்கள். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி மண்டூருக்குப் போகும்போது மட்டும் நெஞ்சுப் பட்டியையும் இடுப்புப் பட்டியையும் கழற்றி விடுங்கள். தண்ணீரில் விழ நேர்ந்தால் பையைக் கழற்றி எறிந்து உயிர் தப்ப வேண்டும்.

சனக்கூட்டத்துக்கு முதுகுப்பக்கத்தால் திறக்கும் பை நல்லது. பாண்டிருப்புத் தீமிதிப்பு மாதிரி நெருக்கத்தில் உங்கள் பின்னால் நிற்பவர் ஸிப்பைத் தொடவே முடியாது. தரையில் கிடத்தித் திறந்தாலும் சேறு படுவது முன்பக்கத்தில், உங்கள் சேட்டில் அல்ல. கோயில் வேலை முடிந்ததும் பையின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாம்பலும் கற்பூரக் கரியும் மஞ்சள் தண்ணீரும் வெல்க்ரோவில் தங்கி, அடுத்த வேலைக்கும் கூட வரும்.

"வோட்டர்புரூப்" என்று லேபிளில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் துணி தண்ணீர் விடாது என்பதுதான் அதன் பொருள். ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஸிப்பும் விடும். கூட வரும் மழை உறையும் முதுகுப் பக்கத்தை மூடாது. மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம் கார்த்திகை மழையில் வந்தால் முதுகால் வழிந்த தண்ணீர் பையின் அடியில் நிற்கும். உறையைப் போடுங்கள், அதற்கு முன் கமராவையும் லென்ஸையும் தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்துப் பைக்குள் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றுவதை மறக்க வேண்டாம். உறையையும் சுருட்டி அடிப்பைக்குள் திணிக்காமல் காயப் போடுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது பை உண்மையாகவே உதவும். பாசிக்குடா ஹோட்டல் அறையின் குளிரிலிருந்து கமராவை நேரே கடற்கரைக்கு எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனிக்கும். மூடிய பைக்குள் அரை மணித்தியாலம் வெளியே வைத்து, சூடு சமனான பிறகு திறந்தால் பனிக்காது. கரையில் பையை மணலில் வைக்காதீர்கள். கதிரை, பாறை, விரித்த பாய் எதிலாவது வையுங்கள். அறுகம்பையில் அலைச்சறுக்கு எடுக்கப் போகும் தம்பிமார் கவனியுங்கள்: மணல் புகுந்து சூம் வளையம் கிறுகிறுவென்று சத்தம் போட்ட பிறகு கொண்டு வந்து தருவதைவிட, பையின் அடியைக் கிழமைக்கு ஒருமுறை வக்கியூம் பிடிப்பது மிக இலகு.

படிக்கிற பிள்ளைகள் கையில் காசில்லை என்றால் வடிவான மலிவுப் பைக்கு ஏமாற வேண்டாம். பிரிப்புத் தடுப்புகளோடு உள்பெட்டி தனியாக விற்கிறார்கள். அதை வாங்கி உங்கள் பள்ளிக்கூடப் பைக்குள் இறக்கினால் போதும்.

ஏற்கனவே தோல் பை வாங்கியவர்கள் எறிய வேண்டியதில்லை. பங்குனிக்குப் பின் கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில், ஒருநாள் வேலைகளுக்குக் கொண்டு போங்கள். மாரி தொடங்குமுன் வெறுமையாக்கித் துடைத்து, காற்றுப் படும் இடத்தில் தொங்க விடுங்கள்.

பழைய பை வாங்குவதாக இருந்தால் கண்ணைவிட மூக்கை நம்புங்கள். முகத்தை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். ஊத்தை நெல்லுச் சாக்கு மாதிரிப் புழுங்கல் மணம் அடித்தால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் கமராவை அதற்குள் வைக்காதீர்கள். துணிப் பை என்றால் தடுப்புகள் எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய சவர்க்காரத்தில் அலசி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் உள்பக்கம் வெளியே தெரியக் காயப் போடுங்கள். காய்ந்த பின் ஓர் இரவு மூடி வைத்து, காலையில் திறந்து திரும்ப மணந்து பாருங்கள். மணம் இன்னும் இருந்தால் அதை மரக்கறி வாங்கக் கொண்டு போகலாம்.