எண்பது வாத்தியங்களுக்கு எதிரே ஒரு தொண்டை

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சபைக்குச் சபை பாடகர் குழுப் பயிற்சிதான். பெண்களில் உயர்ந்த குரல் சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ, ஆண்களில் உயர்ந்த குரல் டெனர், தாழ்ந்தது பேஸ் என்று நான்காகப் பிரிந்து, ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் டானிக் சால்ஃபா தாளை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து, ஹேண்டலின் அல்லேலூயா கோரஸ் வரை போய்விடுவார்கள். மயிலாடியில் 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே கட்டிய ஆலயத்தோடு வேர்பிடித்த சபை மரபு இது. மேற்கத்தியக் குரலிசை குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. அந்த இசையைத் தொழிலாகவே செய்யும் ஓபரா (பாட்டாலேயே நடக்கும் மேடை நாடகம்), கச்சேரித் தனிப்பாடகர்களின் உலகம்தான் நமக்குத் தூரம்.

அங்கே மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் பள்ளத்தில் 60 முதல் 100 வாத்தியக்காரர்கள். எதிரே 2,000 இருக்கைகள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஏறக்குறைய 3,800. ஒரே ஒருவர் பாட, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது தெளிவாகக் கேட்கிறது. பெரிய நெஞ்சு, பெரிய சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் முழு பலத்தில் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவை, அதாவது அந்த வாத்தியக் குழுவை, சத்தத்தால் வெல்ல எந்த மனிதத் தொண்டையாலும் முடியாது. பாடகர் அதோடு மோதுவதே இல்லை. அது பலவீனமாக இருக்கும் இடம் பார்த்து நுழைகிறார்.

ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலியை அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) வாக்கில்தான் ஆற்றல் அதிகம். அதற்கு மேலே போகப் போகச் சரிந்துகொண்டே வரும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா ஏறக்குறைய காலி. சாதாரணமாகப் பேசும் குரலும் இப்படித்தான் சரிகிறது. அதனால்தான் பேச்சுக்குரல் வாத்தியங்களுக்குள் மூழ்கிவிடுகிறது. பயிற்சி பெற்ற ஆண் ஓபரா பாடகரின் குரலில் மட்டும் 2,500 முதல் 3,200 ஹெர்ட்ஸ் வரையில் ஒரு மேடு எழும்பி நிற்கும். ஒரு குழாயோ அறையோ தனக்குப் பொருந்திய அலைவரிசையைப் பெருக்கிக் காட்டுவது ஒத்ததிர்வு; இந்த மேட்டைப் பாடகர் ஒத்ததிர்வு என்பார்கள். 1970களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இது எப்படி உருவாகிறது என்று விளக்கினார்.

குரல்நாண்களுக்குச் சற்று மேலே, குரல்வளையின் வாசலில், 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு குழாய்ப் பகுதி இருக்கிறது. அது மேலே உள்ள தொண்டை அறைக்குள் திறக்கிறது. அந்த வாசலின் குறுக்குப் பரப்பு தொண்டை அறையின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், சிறு குழாய் தொண்டையிலிருந்து பிரிந்து தனக்கென்று ஓர் ஒத்ததிர்வை வைத்துக்கொள்ளும். வில்லுப்பாட்டுக் குடத்துக்கு வாய் குறுகலும் வயிறு அகலமுமாக இருப்பதால்தான் அந்த நாதம் வருகிறது. இங்கும் அந்த விகிதம்தான் வேலை செய்கிறது. வாசலைக் குறுக்க வேண்டியதில்லை, தொண்டையை அகலமாக்கினால் போதும். குரல்வளையைச் சற்றுக் கீழே இறக்கி, நாக்கின் அடிப்பகுதியைத் தளர்த்தி, கொட்டாவி தொடங்கும் அந்த முதல் கணத்தின் நிலையில் தொண்டையை வைத்துப் பாடச் சொல்வது இதற்காகத்தான். கொட்டாவியை முழுதாக விட்டால் குரல் மங்கிப் பின்னால் போய்விடும். நாக்கால் குரல்வளையை அழுத்தி இறக்கினாலும் அப்படியே. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு அதிசயம் கேட்பவரின் பக்கம் இருக்கிறது. நம் காதுத்துளையின் நீளமும் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்த அளவுக் குழாய் 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே தானாகவே அதிரும். பாடகரின் தொண்டைக்குள் இருக்கும் குழாயும் கேட்பவரின் காதுக்குள் இருக்கும் குழாயும் ஏறத்தாழ ஒரே அளவு! காது எங்கே மிகக் கூர்மையோ அங்கேயே குரல் போய்ச் சேர்கிறது. தாழ்ந்த ஒலிகள் எல்லாத் திசையிலும் பரவிவிடும். உயர்ந்த அலைவரிசைகள் பெரும்பாலும் வாய் பார்க்கும் திசையில்தான் போகும். காதல் காட்சியில்கூடப் பாடகர்கள் ஒருவரையொருவர் பாராமல் அவையைப் பார்த்தே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோப்ரானோ குரலுக்குக் கணக்கு மாறும். ‘இ’ என்ற உயிரொலியின் முதல் ஒத்ததிர்வு 300 முதல் 400 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கிறது. சோப்ரானோ பாடும் ஸ்வரமே 880 ஹெர்ட்ஸ் என்றால், அந்த ஒத்ததிர்வுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் அவர் தாடையை இறக்கி வாயை அகலத் திறந்து, ஒத்ததிர்வை ஸ்வரம் இருக்கும் உயரத்துக்கே தூக்குகிறார். கூடுதல் உழைப்பில்லாமல் குரல் பெருகுகிறது. இதற்கு விலை, சொல் தெளிவு. அந்த உயரத்தில் இ, எ, உ எல்லாமே ‘ஆ’ சாயலில்தான் கேட்கும். நம் சபைகளில் உச்ச ஸ்தாயியில் “உச்சரிப்பு சரியில்லை” என்று சோப்ரானோ பிள்ளைகளைத் திட்டுவது நியாயமே இல்லை. அந்த ஸ்வரத்தில் ‘இ’யைச் சுத்தமாகச் சொல்ல முயன்றால் குரல் இறுகிப் பிளிறும். உயிரை ‘ஆ’ பக்கம் சாய்த்துவிட்டு, முன்பின் மெய்யெழுத்துகளைக் கூர்மையாகச் சொல்வதே வழி.

இனி மூச்சு. பேசும்போது குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் 6 முதல் 8 சென்டிமீட்டர் நீர் அளவு, அதாவது அத்தனை உயர நீரைத் தாங்கும் அழுத்தம். பலமாகப் பாடும்போது 20, 30, அதற்கு மேலும் போகும். நிறைய மூச்சிழுத்தவுடன் விலா எலும்புக்கூடு தானாகவே சுருங்கப் பார்க்கும். தேவைக்கு மேல் அழுத்தம் வரும். ஆகவே ஒரு வரியின் தொடக்கத்தில் மூச்சை இழுக்கும் தசைகளே பிரேக் போலப் பிடித்து நிற்க வேண்டும். வரி முடியும் நேரத்தில் வயிற்றுத் தசைகள் தள்ள வேண்டும். இந்தக் கைமாற்றம் தெரியாதவர்கள், வரியின் தொடக்கத்தில் கத்திவிட்டு முடிவில் காற்றில்லாமல் தவிப்பார்கள். பாடகர் குழுவில் உட்கார்ந்து கேட்டால் இரண்டே நிமிடத்தில் புலப்படும் குறை இது.

அழுத்தம் கூடினால் அடி வாங்குவது குரல்நாண். 500 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் நொடிக்கு 500 முறை இரு நாண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று நிமிடம் அந்த உயரத்தில் பாடினால் 90,000 மோதல்கள். மோதல் பலமாக விழுவது நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பாகம் முடியும் இடத்தில். முடிச்சு எனப்படும் தடிப்பு அங்கேதான் வரும். முதலில் போவது உரத்த குரல் அல்ல, மெல்லிய உச்ச ஸ்வரம். பலமாகப் பாடினால் வருகிறது, மெதுவாகப் பாடினால் காற்றுதான் வருகிறது என்றால் நாண் வீங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று வாரம் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்ட்ரோபோஸ்கோப்பி (விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாணின் அதிர்வைப் பார்க்கும் சோதனை) பார்த்துவிட வேண்டும்.

மிளகு, சுக்கு, கல்கண்டு, கருப்பட்டிக் காப்பி இவையெல்லாம் தொண்டைக்கு இதம் தரலாம், குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் எதுவும் உணவுக்குழாய் வழியே போகிறது, குரல்நாணோ மூச்சுப்பாதையில் இருக்கிறது. நேராகப் போய்ச் சேர்வது நீராவி ஒன்றுதான். குடிக்கும் தண்ணீர் உடம்பு வழியாகச் சுற்றித்தான் நாணுக்கு வரும் என்பதால், மேடைக்குப் போகும் முன் ஒரு பாட்டில் குடிப்பதைவிட காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பலன் தரும். கிசுகிசுப்பது ஓய்வாகாது. நிகழ்ச்சி நாளில் ஆஸ்பிரின் வேண்டாம். நாணில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடும். நிகழ்ச்சி முடிந்து இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா சாப்பிட்டு உடனே படுத்தால், இரைப்பை அமிலம் மேலேறி மறுநாள் காலைக் குரலைக் கெடுக்கும்.

ஓபரா பாடகரின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த உடற்கூற்றின் மேல்தான் நிற்கிறது. ஜெர்மானிய அரங்குகளில் ‘ஃபாக்’ என்றொரு வகைப்பாடு உண்டு: லிரிக் (மென்மையான) சோப்ரானோ, டிராமாட்டிக் (கனமான) சோப்ரானோ, லிரிக் டெனர் என்று குரலின் எடை, நிறம், எல்லை பார்த்துப் பிரிப்பது. ஒரு குரலால் உச்ச ஸ்வரத்தைத் தொட முடியும் என்பது போதாது. ஒரு வேடத்தில் பாட்டு பெரும்பாலும் எந்த உயரத்தில் தங்குகிறது, அப்போது கீழே எத்தனை வாத்தியங்கள் வாசிக்கின்றன என்பதே முடிவு செய்யும். டெனரின் புகழ்பெற்ற உச்ச ‘சி’ 523 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் நம் ஆண் பாடகரின் மேல் ஸட்ஜத்துக்கும் இன்னொரு ஸ்தாயி மேலே. அதை ஒரு தடவை எட்டுவது சாகசம். வாரம் மூன்று இரவு, மூன்று மணி நேர நாடகத்தின் இறுதியில் எட்டுவதுதான் தொழில்.

குரல்வளைக் குருத்தெலும்புகள் இருபது வயதுக்குப் பிறகும் இறுகிக்கொண்டே போகின்றன. கனமான குரல்கள் தாமதமாகத்தான் பழுக்கும். அதனால் இருபதுகளில் நாற்பது வாத்தியத்துக்கு உட்பட்ட மோட்சார்ட் ஓபராக்கள், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கொண்ட வாக்னர் ஓபராக்கள் முப்பதுகளின் பின்பாதியில் என்பது பொதுவான வரிசை. சுவீடன் சோப்ரானோ பிர்கிட் நில்சன் 1959இல் மெட்ரோபாலிட்டனில், வாக்னரின் கனமான வேடமான இசோல்டேயாக முதல் தடவை நின்றபோது வயது 41. 25 வயதில் அந்த வேடத்தை எடுப்பவர், இல்லாத எடையைக் காற்றழுத்தத்தால் ஈடுகட்டப் பார்ப்பார். அடி முழுக்க நாணுக்கு. வாக்னர் தன் பாய்ராய்ட் அரங்கில் (1876) ஆர்க்கெஸ்ட்ராவை மேடைக்கு அடியில் மூடிய பள்ளத்தில் உட்கார வைத்தார், அங்கே பாடகருக்கு அதனால் பெரிய நிவாரணம். வயது ஏறும்போது சிலர் இறங்கியும் வருவார்கள்: டெனராகப் பேர் வாங்கிய பிளாசிடோ டொமிங்கோ 2009இல் டெனருக்கும் பேஸுக்கும் நடுவிலான பாரிடோன் வேடத்துக்கு மாறினார்.

ஒப்பந்தங்களின் அமைப்பும் இதைக் கடினமாக்குகிறது. பெரிய அரங்குகள் இரண்டு, மூன்று ஆண்டு முன்கூட்டியே பாடகரைப் பேசி வைக்கின்றன. இன்று கையெழுத்திடும் வேடம் தன் நாளைய குரலுக்குப் பொருந்துமா என்று பாடகர் கணிக்க வேண்டும். ஜெர்மனியில் பொதுப்பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் ஏராளம். அங்கே ‘ஃபெஸ்ட்’ ஒப்பந்தத்தில் சேர்ந்தால் மாதச் சம்பளம், காப்பீடு உண்டு, பதிலுக்கு வருடத்தில் பல வேடங்கள் பாட வேண்டும். எந்த அரங்கிலும் நிரந்தரமாகச் சேராமல் தனித்துப் பாடுபவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி. தொண்டை கட்டி வராமல் போனால் அன்றைய கூலி பெரும்பாலும் இல்லை. கட்டிய தொண்டையோடு மேடையேறி நாணைக் கெடுத்துக்கொள்பவர்கள் உருவாவது இந்த இடத்தில்தான். அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. ஒத்திகைகளில் பாதிக் குரலில், உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடி மிச்சம் பிடிப்பது சோம்பல் அல்ல, அங்கீகரிக்கப்பட்ட முறை.

கச்சேரிப் பாடகருக்கு வேறு கஷ்டம். வேடமில்லை, ஒத்திகை ஒன்றிரண்டுதான், ஆனால் காத்திருப்பு நீளம். 1742இல் டப்ளினில் அரங்கேறிய ஹேண்டலின் மெசையாவில், மேய்ப்பர் காட்சி வரும்வரை சோப்ரானோ தனிப்பாடகருக்கு வேலை இல்லை. பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் தனிப்பாடகர்கள் முக்கால் மணி நேரம் அளவுக்குச் சும்மா இருந்துவிட்டு, பேஸ் பாடகர் தனியாக எழுந்து முழுக்குரலில் தொடங்க வேண்டும். ஆறிப்போன நாணோடு அது ஆபத்து. வெளியே தெரியாமல் உதட்டை மூடி, அடுத்தவருக்குக் கேட்காத அளவில் முனகிக்கொண்டே இருப்பார்கள்.

நம் ஊரில் மைக் இருப்பதால் வேறு தொல்லை. பக்கத்தில் கீபோர்டும் டிரம்ஸும் ஒலிக்க, தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் தன்னையறியாமல் கத்துவார்கள். ஸ்பீக்கரைப் பாடகர் பக்கம் திருப்பி, வாத்தியங்களைக் குறைப்பதே மருந்து. பயிற்சிக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமிழ்த்தி, குமிழி வர ஐந்து நிமிடம் ‘ஊ’ பாடலாம். நீரின் எதிரழுத்தம் நாண்களைச் சற்று விலக்கிவைத்து மோதலைக் குறைக்கும்.

தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சென்னையில் 1893 முதல் இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழுவும், 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியும் உண்டு. அதற்கு மேல் வெளிநாட்டு இசைக்கல்லூரிதான். குரல் தேர்வுக்கு வழக்கமாக மூன்று நான்கு மொழிகளில் ஐந்து பாடல் தயாராக வைத்திருக்கச் சொல்வார்கள். முதல் பாடலை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், இரண்டாவதை அவர்கள் கேட்பார்கள். முதலாவதாகத் தூக்கத்திலும் பிசகாத பாட்டை வையுங்கள், மிகக் கடினமானதை அல்ல.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: போனில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியை அலைவரிசை வாரியாகப் படமாகக் காட்டும்) செயலி ஒன்றை இறக்கி, ஓரடி தூரத்தில் வைத்து, நடுத்தர ஸ்வரத்தில் ஐந்து நொடி ‘ஆ’ பாடுங்கள். சத்தத்தைக் கூட்டாமல் தொண்டையைத் தளர்த்தும்போது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் பட்டை பிரகாசமானால் சரியான திசை. கழுத்தை இறுக்கிப் பாடினாலும் அதே பட்டை பிரகாசமாகத் தெரியும், அதனால் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். பத்து நிமிடத்தில் தொண்டை வலித்தாலோ, மெல்லிய உச்ச ஸ்வரம் வராமல் போனாலோ அன்றைய பயிற்சியை அதோடு நிறுத்திவிடுங்கள்.