கடிகாரம் ஓடும்போது வால்யூம் ஏறும்

என்னிடம் காது பரிசோதனைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் வேறு ரகம். பாட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொண்டவர்கள் இல்லை, பாட்டுக்கு இசையமைத்துக் கெடுத்துக்கொண்டவர்கள்.

நேரம் குறித்து இசையமைக்கும் இணையக் குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. குறித்த மணிக்கு ஒரு தலைப்போ, ஒரு துண்டு ஒலியோ கொடுப்பார்கள். அதை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டிராக்கை முடித்து ஏற்றிவிட வேண்டும். பிறகு எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து வரிசையாகக் கேட்பார்கள், கருத்துச் சொல்வார்கள், ஓட்டும் போடுவார்கள். பரிசுப் பணம் பெரும்பாலும் கிடையாது. நிதானமான வகையும் உண்டு. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒன்றில் பிப்ரவரியின் 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும். 2006இல் வந்த ஆர்பிஎம் சவாலில் அதே மாதத்துக்குள் 10 பாட்டோ 35 நிமிட இசையோ கொண்ட ஆல்பம். கேட்டவுடனே கவி சொல்லும் யமகண்டம் பாடிய காளமேகப் புலவர் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? தோற்றால் எண்ணெய்க் கொப்பரையில் விழ வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

சேரலாமா என்று கேட்டால் தாராளமாகச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). உறுமி மேளம் அடிக்கும் குடும்பம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த இழுவை ஒலியைப் போனில் பதிந்து ஒரு போட்டி டிராக்கில் போட்டிருக்கிறான். முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் இது என்ன சின்தசைசர் என்று கேட்டுத் துளைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கூட வந்த அம்மாவுக்குத்தான் கோபம். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் மேடம். என்னத்தச் சொன்னாலும் கேக்குறதில்ல."

அவன் வந்தது வேறு காரணத்துக்கு. படுத்தால் காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தது, 4000 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு பள்ளம். இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸுக்குள்தான் முதலில் தலைகாட்டும். எதிரே இருப்பவர் பேசுவது கேட்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இசையமைக்கிறவனுக்கு மட்டும் ஜால்ரா, ஹை-ஹாட் போன்ற ஒலிகள் மங்கலாகும். மங்கலாக இருக்கிறதே என்று அதையே கூட்டிக் கூட்டிக் கலப்பான். கெடுத்தது திருவிழா மேளமா, ஹெட்போனா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காது இரண்டையும் ஒரே நோட்டில்தான் பற்று எழுதுகிறது. ஒலியை உணரும் மயிர் போன்ற செல்கள் உட்செவியில் உண்டு, செத்துப்போன அந்த முடிச்செல் திரும்ப முளைப்பதும் இல்லை.

வேலைக்காக ஹெட்போன் போடுகிற எல்லாரையும் நான் இப்படிப் பயமுறுத்துவதில்லை. கெடு வைத்த ஒரு மணி நேரத்தில்தான் சிக்கல். அந்த நேரத்தில் வால்யூம் ஏறுமே தவிர இறங்காது. தொடர்ந்து சத்தம் கேட்கும்போது காது பழகி, கொஞ்சம் மரத்தும் போகும். முதல் பத்து நிமிடத்தில் போதுமாக இருந்த அளவு நாற்பதாவது நிமிடத்தில் போதாது. அப்புறம், ஒலி குறைவாக இருந்தால் நம் காதுக்குக் கீழ்ச்சுருதிகள் சரியாக எட்டாது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். கனத்த அடி தரும் கிக் டிரம்மில் பலம் இல்லையே என்று தோன்றினால் ஆற அமர இருப்பவர் பேஸைத் திருத்துவார். பதினைந்து நிமிடம்தான் மிச்சம் என்றால் யார் திருத்துகிறார்கள்? வால்யூமை ஏற்றினால் பலம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு மதுரை வெயிலில் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அதையும் மீறிக் கேட்க வேண்டுமே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். அப்படியே ஏறிக்கொண்டே போனால் 95 டெசிபலுக்கு வாரம் முழுவதற்கும் 75 நிமிடம்தான். போட்டி ஒரு மணி நேரம், அதன் பிறகு கூடிக் கேட்பது என்றால், வாரத்தின் பங்கு ஒரே ராத்திரியில் தீர்ந்தது. ஐபோன் தன்னோடு இணைந்த ஹெட்போனில் எத்தனை டெசிபல் ஓடுகிறது என்று காட்டும். கணினிக்கும் ஹெட்போனுக்கும் நடுவே வைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவி வழியாகக் கேட்கிறவர்களுக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது.

அதனால் நான் இந்தப் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே, நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவில் வால்யூமை வைத்து, குமிழில் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். போட்டி முடியும்வரை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. முடிந்தால் மெட்டுப் போடும் பகுதியை ஸ்பீக்கரில் செய்துகொண்டு, கடைசிக் கலவைக்கு மட்டும் ஹெட்போன் போடுங்கள்.

இன்னொரு ஆபத்து கூடிக் கேட்கும்போது. அவசரத்தில் முடித்த டிராக்குகள் ஒவ்வொன்றும் ஒரு சத்தத்தில் இருக்கும். ஒன்று முனகும், அதைக் கேட்கலாம் என்று ஏற்றி வைத்தால் அடுத்தது காதில் அறையும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். உங்கள் டிராக்கில் எல்லா ஒலியும் கடைசியில் வந்து சேரும் மாஸ்டரில், வைத்த அளவைத் தாண்டிச் சத்தம் ஏறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரை முதலிலேயே போட்டுவைப்பது மற்றவர் காதுக்கு நீங்கள் செய்கிற மரியாதை.

தூக்கம் பற்றி நீட்டப் போவதில்லை. குளிர்காலத்தில் இங்கிலாந்தில் இரவு 8 மணி என்றால் நமக்கு 1.30. நமக்கு ஒத்துவரும் நேரத்தில் நடத்தும் குழுவைத் தேடுங்கள், இருக்கின்றன.

கேட்டு முடித்தபின் காது அடைத்தாற்போல் இருந்தாலோ, இரைச்சல் மறுநாளும் நிற்காவிட்டாலோ பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. தயவுசெய்து வேண்டாம், அந்த எண்ணெய் உட்செவிக்குப் போகவே போகாது. திடீரென்று ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அது அவசரம். நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், குழுவில் சேரும்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. ஆனால் அதற்கு முந்தைய இரவு போட்டியில் உட்காராதீர்கள். சத்தத்திலிருந்து 14 மணி நேரமாவது காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்தால்தான் வரைபடத்தை நம்பலாம். மேளத்துக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.