கரையோரம் அலை இல்லையா? அங்கேதான் கவனம் வேண்டும்

காற்றடைத்த மிதவையோடு பிள்ளை கடலுக்குள் போய்விட்டதாகக் கேள்விப்படும் ஒவ்வொரு முறையும் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "கடல் குளம் மாதிரி இருந்ததே!" குளம் மாதிரி இருந்ததுதான் ஆபத்து. இதை எத்தனை தடவை சொல்வது?

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை, பினாங்குத் தீவின் வடகரையில் இருக்கிறது; முதுகுக்குப் பின்னால் மலை. தெற்கிலிருந்து காற்று எழுந்தால் அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை வளர வேண்டுமானால் காற்று நீர்மேல் நெடுந்தூரம், நெடுநேரம் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லாததால் வெறும் சிற்றலைதான். தள்ளிப் போகப் போகத்தான் அலை உயரும். நம்மை விட்டு விலகிப் போகும் அலையின் முதுகுதான் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் அது இன்னும் சின்னதாகத் தோன்றும்.

"அலையே கரைக்கு ஒதுக்கிவிடும்" என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நகர்வது அலைதான், நீர் அல்ல. நீர் வட்டமிட்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்பும். சுற்றுக்குச் சுற்றுச் சற்றே முன்னேறும், அதுவும் அலை போகும் திசையில். அலை உடைந்தால், காற்றிடம் வாங்கிய உந்தத்தை நீரோட்டத்துக்குக் கொடுத்துவிடும். இப்படி மேற்பரப்பு நீர் காற்றின் வேகத்தில் சுமார் 3 விழுக்காட்டில் நகரும்: மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.9 கிலோமீட்டர். மிதவையோ நீரில் அதிகம் அமிழ்வதில்லை. பெரும்பாலும் காற்றின் பிடியில் இருக்கும் பாய் அது. அதை நீந்தித் துரத்தாதீர்கள். காற்று 20-இலிருந்து 40 ஆனால் அதன் தள்ளுவிசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

தூரத்தில் வெள்ளை நுரை தென்பட்டால் பிள்ளைகளைக் கரையேற்றுங்கள். மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்றிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை தலைகாட்டும். நுரை தெரியும் இடத்தில் காற்று நீருக்குள் குமிழியாக இறங்குகிறது. காற்று இன்னும் வலுத்தால் நீரும் திவலையாகப் பிய்ந்து பறக்கும். மூச்சில் ஏறுவது அந்தத் திவலைதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் புயல்வரிசைக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். சம்பான் என்னும் சிறு படகில் தூண்டில் போடப் போகிறவர்கள் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். முதல் நிலை எச்சரிக்கை என்றாலே காற்று 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. சிறு படகுக்கு அது தாங்காது.

மிதவையில் இருக்கும்போது காற்று அடித்துக்கொண்டு போனால் அதை விடாதீர்கள். குப்புறப் படுத்து, கால்களை நீருக்குள் தொங்கவிடுங்கள், வேகம் குறையும். திவலை அடித்தால் முகத்தை மறுபக்கம் திருப்பி, கையசைத்துக் கத்துங்கள். கரையில் இருப்பவர் பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்காமல் 999-ஐ அழைக்கட்டும்.